நான் வாசிக்காத ஞாயிறு

திடீர்னு ஷிப்டு மாத்திட்டாங்க. அதனால இன்னிக்கு மீஞ்சூர் சர்ச்சுல பாட்டுக்குத் தாளம் புடிச்சுத் தர்ற ரிதம் கிட்டாரை நான் வாசிக்கல. கும்மிடிப்பூண்டி கம்பெனி கேண்டீன்ல நாஷ்டா துன்னுக்கினே ஆராதனையை போன்ல லைவா பார்த்தேன்.

லீடு கிட்டார்ல மெட்டு வாசிக்கிற ஜோயல் பிரமாதமா வாசிச்சான். ஆனா ரெண்டாவது சரணத்துலயே பாட்டு தாளம் தப்பி வேகமா ஓட ஆரம்பிச்சிடுச்சு. ஆம்பளைங்க பக்கம் கைதட்டு ஒரு வேகம், பொம்பளைங்க பக்கம் வேற வேகம்.

முடிஞ்சதும் ஜோயல் போன் பண்ணான். "அண்ணா, நான் ஒண்ணும் தப்பா வாசிக்கலயே. பாடுறவங்க எல்லாரும் ஏன் ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க?"

"கேக்க நல்லாதான் இருந்திச்சுடா. சேர்ந்து பாடத்தான் பிடி இல்ல."

அப்புறம் லைவ் கமெண்ட் எல்லாம் படிச்சேன். "கிட்டார் அண்ணன் எங்க?"ன்னு ஒருத்தர்கூட கேக்கல.

எல்லாரும் கேட்டது, "பாட்டுக்கு இன்னா ஆச்சு?"

ரிதம் வாசிக்கிறவங்களே, இதைப் பாராட்டுன்னு எடுத்துக்கலாமா?