அந்திச் சோறு யார் ஆக்குவது

தெரணியகலைப் பக்கத்துத் தோட்டத்துக்கு நான் கல்யாணமாகி வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அங்கே தேயிலையும் உண்டு, றப்பரும் உண்டு. என் கணவர் றப்பர் மரத்தில் பால் வெட்டுபவர். விடியுமுன் போய், மத்தியானத்துக்குள் பாலைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். கொழுந்து பறிக்கிற நாங்கள் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். அதன் பிறகுதான் தண்ணீர், விறகு, சமையல். ஆண்கள் வாசலில் பசியோடு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். சம்பளம், மருந்து, கூரைத் தகரம் என்று கோரிக்கைகள் முடிந்ததும் பக்கத்து வீட்டுக் காம்பரா அக்கா எழுந்தார்.

"அந்திச் சோறு ஆம்பளைங்க ஆக்கணும் தலைவரே. இதையும் சேத்துக்குங்க."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏம்மா, மத்ததையெல்லாம் தொரைகிட்ட கேக்கலாம். இத யாருகிட்ட போய்க் கேக்குறது?" என்றார்.

"ஒங்ககிட்டதான். தொரை வீட்டு அடுப்பயா நாங்க ஊதுறோம்?"

பெண்களும் அக்கா பக்கம் நிற்கவில்லை. ஆம்பளை சட்டியைத் தொட்டால் வீடு விளங்குமா என்றார்கள். எனக்கும் அது கொஞ்சம் அதிகப்படியாகவே பட்டது.

அந்த வருடம் மழை விடவில்லை. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. ஆண்கள் லயத்திலேயே கிடந்தார்கள். கொழுந்து பறிக்காமலிருக்க மழை ஒரு சாக்கில்லை. ஒருநாள் அட்டை கடித்த காலோடு நடுங்கிக்கொண்டு வந்தேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டியதும் கணவர் ஒரு சாண் திறந்தார். உள்ளே ஒரே புகை. அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் உள்ள வா புள்ள, யாராச்சும் பாத்துறப் போறாங்க."

சாப்பிட உட்கார்ந்தபோது பின்கதவில் தட்டும் சத்தம். எதிர் லயத்து அண்ணன். கூட்டத்தில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர். என்னைக் கண்டதும் தயங்கினார்.

"தங்கச்சி, கறியில உப்பு கூடிப்போச்சு. என்னா செய்யலாம்?"

"கெழங்கு ஒண்ண வெட்டிப் போடுங்கண்ணே."

மழை ஓய்ந்த பிறகும் என் கணவர் சமையலை விடவில்லை. கதவைச் சாத்துவதுதான் நின்றது, புகை தாங்காமல். மிளகாய்த்தூள் வாங்கப் போகும் ஆண்களைக் கடை முதலாளி "கோக்கி மாத்தயா", சமையல்கார ஐயா, என்று கேலி செய்வார். அவர்களும் சிங்களத்திலேயே பதில் கொடுத்துவிட்டுப் பொட்டலத்தோடு வருவார்கள். எல்லா வீட்டிலும் என்று சொல்ல மாட்டேன். சிலர் கடைசிவரை வாசலைவிட்டு எழவில்லை.

யுத்தம் முடிவதற்குச் சற்று முன், அக்காவின் மகளைக் கேகாலைப் பக்கத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். தலைவருக்கு அப்போது நன்றாக வயதாகியிருந்தது. அவர்தான் முதலில் கேட்டார்.

"தம்பிக்குச் சோறாக்கத் தெரியுமா?"

பையனின் அம்மா திகைத்துப்போனார்.

"எங்க தோட்டத்துல எப்பவுமே அப்பிடித்தாங்க" என்றார் தலைவர், நிஜமாகவே நம்பி.

நான் அக்காவைப் பார்த்தேன். எங்கே பழைய கதையை எடுத்துவிடுவாரோ என்றிருந்தது. அவரோ தலைவருக்குத் தேத்தண்ணியை நீட்டி, "ஆமாங்க" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"ரொட்டி நல்லா சுடுவேன். கறிதான் சுமாரா வரும்" என்றான் பையன்.

"அது போதும்" என்றார் அக்கா.