மீட்டர் சொன்ன எண்ணும் டாக்டர் கலாவதியும்

சென்ற வாரம் ஒரு பூனைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் பழைய கிளினிக்குக்கு நாயைக் கொண்டுவந்த லோகநாதன் போன் செய்தார். "டாக்டரம்மா போய்ட்டாங்க சார். வேப்பம்பட்டு ஊட்லதான். காலையில எழுந்திருக்கவே இல்ல." தையலை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். கலாவதி அப்படித்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

தொண்ணூறுகளில் அம்பத்தூரில் நாங்கள் இருவரும் சேர்ந்து நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்த்ததை உங்களில் பலர் அறிவீர்கள். அவர் எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கோபித்துக்கொண்டு போனவர்களும் நாய்க்கு முடியவில்லை என்றால் அவரிடமே திரும்பி வந்தார்கள்.

அப்போது மனிதர்களுக்கான சர்க்கரை மீட்டர் ஒன்றை கிளினிக்குக்கு வாங்கினோம். அதில் செருகும் பட்டையில் ஒரு சொட்டு இரத்தம் வைத்தால் சற்று நேரத்தில் எண் வந்துவிடும். எனக்கு அது பெரிய நிம்மதி. கலாவதி மட்டும், "இது மனுஷ ரத்தத்துக்குப் பண்ணினது. நாய்க்கு எவ்வளவு தள்ளிச் சொல்லும்னு தெரியாம எப்படி நம்பறது?" என்றார்.

லோகநாதன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். அவர் வீட்டுப் பொமரேனியன் நாய் ராணிக்கு நீரிழிவு. அவர் மனைவி சரோஜாதான் தினமும் இன்சுலின் போடுவார். ஒரு மழைநாள் மாலை ராணியைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தார்கள். நிற்க வைத்தால் பின்னங்கால் மடங்கியது, உடம்பு நடுங்கியது. மீட்டர் சர்க்கரை அதிகம் என்றது. மறுபடி பார்த்தோம். அதேதான்.

"அதான் ஏறிக்கினு கீதே டாக்டர். இன்னொரு ஊசி போட்ருங்க," என்றார் லோகநாதன்.

கலாவதி ராணியின் உதட்டை விலக்கினார். ஈறு வெளுத்துக் கிடந்தது. காதுக்குள் உண்ணிகள். "சாப்பிட்டாளா?"

"நேத்துலருந்து வாயே வைக்கல. ஊசி மட்டும் உடாம போட்டுகினு வரேன்," என்றார் சரோஜா.

கலாவதி என் பக்கம் திரும்பினார். "இவளுக்கு ரத்தமே இல்ல. ரத்தம் கம்மியா இருந்தா இந்தப் பட்டை சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். சாப்பிடாம ஊசி மட்டும் போட்டதுல, நிஜத்துல இறங்கிப் போயிருக்கும்னு படுது."

நரம்பில் இரத்தம் எடுத்துக் கொடுத்தார். தெருமுனை ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன். கொடுத்துவிட்டுத் திரும்பியபோது ராணிக்கு வலிப்பு வந்துவிட்டிருந்தது. கலாவதி கையில் குளுக்கோஸ் ஏற்றிய ஊசி. லோகநாதன் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தார்.

"சக்கர ஜாஸ்தின்னு மிஷின் சொல்லுது. நீங்க சக்கரையே ஏத்துறீங்க. செத்துப்போனா இன்னா பண்ணுவீங்க?"

"நான் சொல்றது தப்பா இருக்கலாம். தப்புன்னா இன்னும் கொஞ்சம் ஏறும், இறக்கிக்கலாம். சரியா இருந்து நாம சும்மா நின்னா, இவ இப்பவே போயிடுவா. கையை எடுங்க."

கணவரின் கையை விலக்கியவர் சரோஜா.

கலாவதி மெதுவாக மருந்தை ஏற்றினார். வெட்டிக்கொண்டிருந்த கால்கள் ஒவ்வொன்றாக அடங்கின. உயிர் போகிறதா, வலிப்பு விடுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு ராணி கண்ணைத் திருப்பி சரோஜாவைத் தேடினாள். அதன்பின்தான் ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது. முதலில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே இருந்தது. இரத்தம் குறையக் காரணமான உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, இன்சுலினைக் குறைத்தோம். ராணி பிழைத்துக்கொண்டாள்.

கலாவதி அந்த மீட்டரைத் தூக்கிப் போடவில்லை. வெகுநாள் ஒவ்வொரு நாயின் இரத்தத்தையும் இரண்டு இடத்திலும் பார்த்து ஒப்பிட்டார். "முதல்ல நாயைப் பாருங்க, அப்புறம் எண்ணைப் பாருங்க," என்று எங்கள் எல்லோரிடமும் சொல்வார்.

அவரும் ஒருமுறை தவறினார். பூந்தமல்லியிலிருந்து வந்த நாய் ஒன்றுக்கு மீட்டர் குறைவாகக் காட்டியது. நாய் தெளிவாக இருந்ததால், ஒப்பிட்டுப் பார்த்ததில் இரத்தம் குறையாத நாய்களுக்கு அது குறைத்துத்தான் காட்டும் என்று சொல்லி, அதே அளவு இன்சுலினைத் தொடரச் சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு வந்த ஆய்வுக்கூட முடிவும் குறைவு என்றே சொன்னது. அறை நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே அந்த நாய்க்காரருக்குப் போன் செய்தார். "நான் சொன்னது தப்பு. மிஷின் சொன்னதுதான் சரி. இன்னிக்கு ஊசி போடாதீங்க. இப்பவே சோறு வெச்சுட்டு, நாயைத் தூக்கிட்டு வாங்க." குரல் தாழவில்லை, சமாதானம் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, "அடுத்தது யாரு?" என்றார்.

ராணியைக் காப்பாற்றியது ஊரறிந்த கதை. நான் எனக்கென்று வைத்துக்கொள்வது, பூந்தமல்லிக்குப் போன அந்தக் குரலை.