கரையில் நின்ற ஆட்கள்

தொண்ணூற்றாறாம் வருடம், தை மாதக் கடைசி. பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரி போகும் டவுன் பஸ்ஸில், மடியில் ஒரு ரெக்சின் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பைக்குள் என் வாழ்க்கை வரலாறு இருந்தது. கூடவே இரண்டு பேனா, ஒரு ஸ்டாம்ப் பேடு.

ஸ்டாம்ப் பேடு எதற்கு என்று கேட்பீர்கள். நான் நில அளவைத் துறையில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவன். வெளியூர் போனால் பையில் ஸ்டாம்ப் பேடு இருக்க வேண்டும் என்பது கைக்குப் பழகிய சங்கதி. ஓய்வு பெற்ற முதல் மாதம் சும்மா இருக்க முடியாமல் எங்கள் வீட்டுக் கொல்லையை அளந்தேன். பத்திரத்தில் இருப்பதைவிட முக்கால் அடி குறைந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லப் போனவனை என் மனைவி வாசலிலேயே மறித்துவிட்டாள். “வேற ஏதாவது சோலியப் பாருங்க” என்றாள்.

சோலி கொடுத்தது மகள்தான். சென்னையில் இருக்கிறாள். முந்தைய வருடம் பொங்கலுக்கு வந்தபோது ஒரு நீள நோட்டை என் கையில் கொடுத்து, “நீங்க வாயால சொல்லுத கதையெல்லாம் எழுதி வைங்கப்பா. பிள்ளைங்க பெரிசாகிக் கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?” என்றாள். எனக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. மறுநாளே உட்கார்ந்துவிட்டேன். ‘பொருள்: எனது இளமைப் பருவம்’ என்று முதல் பக்கத்தில் தலைப்பிட்டு எழுதினேன். மகள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ஆனால் எனக்குத் தெரிந்த எழுத்து அதுதான்.

இன்னொரு பழக்கமும் என்னை விடவில்லை. எங்கள் துறையில் ஒரு இடத்தை அளந்து முடித்தால், அங்கேயே உட்கார்ந்து நடந்ததை எழுதுவோம். மகஜர் என்று அதற்குப் பெயர். எழுதியதை ஊர்க்காரர்கள் இரண்டு பேருக்கு வாசித்துக் காட்டுவோம். சரிதான் என்று அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும். சாட்சி இல்லாத எழுத்தை எந்த அதிகாரியும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். என் வாழ்க்கை வரலாற்றை மட்டும் எந்தச் சாட்சியும் இல்லாமல் பேரப்பிள்ளைகள் எப்படி நம்புவார்கள்? எனவே ஒவ்வொரு அத்தியாயத்தின் கீழும் ஒரு சாட்சிக் கையெழுத்து வாங்குவது என்று முடிவு செய்தேன்.

ஆழ்வார்குறிச்சியில் இருக்கும் என் அண்ணன் இளமைப் பருவத்துக்குக் கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூட அத்தியாயத்துக்குக் கூடப் படித்தவர் ஒருவர் போட்டார். கல்யாண அத்தியாயத்துக்கு என் மனைவியிடம் நோட்டை நீட்டினேன். வாசித்துப் பார்க்காமலேயே போட்டுவிட்டு, “நான் சொல்லுதபடியா எழுதியிருக்கப் போறிய?” என்றாள்.

ஐந்தாவது அத்தியாயம்தான் நோட்டிலேயே எனக்குப் பிடித்தது. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம் சீவலப்பேரிப் பக்கம் அளவை வேலையில் இருந்தேன். ஐப்பசியில் ஒருநாள் காலை, சிற்றாறும் தாமிரபரணியும் ஒன்றாகப் பெருகி வந்தன. துணி துவைக்கப் போன ஒரு பெண்ணும் அவள் மகளும் ஆற்றுக்குள் இருந்த கல்மண்டபத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு அலறினார்கள். நான் இடுப்பில் வடக்கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தேன். இரண்டு தடவை போய் இரண்டு பேரையும் கொண்டுவந்தேன். கலெக்டர் கையெழுத்துடன் ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்கள் அதை வாசிக்காமல் காபி குடித்துவிட்டுப் போனதாகச் சரித்திரம் இல்லை.

நோட்டில் அந்த இடத்தை இப்படி முடித்திருந்தேன்: ‘தன்னந்தனியாக வெள்ளத்தில் குதித்து, முதலில் சிறுமியையும் பின்னர் தாயையும் கரை சேர்த்தேன். கரையில் நின்ற ஆட்கள் உதவி செய்தனர்.’

இதற்குச் சாட்சி வேண்டுமே. அந்தத் தாய் காலமாகிவிட்டாள் என்றும், மகள் கல்யாணமாகி வடக்கே எங்கோ போய்விட்டாள் என்றும் கேள்விப்பட்டேன். அப்போதுதான் இன்னொருவர் நினைவுக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். வயல் வேலை செய்கிறவர், ஆனால் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அந்த ஊரில் நான் எழுதிய மகஜர்களில் எல்லாம் அவர்தான் சாட்சி. முதலெழுத்தைப் பெரிதாக வளைத்து, கடைசியில் அடியில் இரட்டைக் கோடு இழுத்துப் போடுவார். தாசில்தாரே அந்தக் கையெழுத்தைப் பார்த்து, “இவர் யாரு, வாத்தியாரா?” என்று கேட்டிருக்கிறார். வெள்ளத்தன்று அவரும் கரையில்தான் நின்றார். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு இடத்தில் கேட்டதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். ஓட்டு வீடு, முன்னால் ஒரு வேப்பமரம். மரத்தடியில் அவர் மனைவி மடியில் தட்டை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவர் வந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சர்வேயர் ஐயால்லா! வாங்க, வாங்க. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வலது தோளில் கிடந்த துண்டு கைவரை தொங்க, இடது கையால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மனைவி கொண்டுவந்த காபியையும் இடது கையாலேயே வாங்கி என்னிடம் நீட்டினார். நான் எங்கள் வீட்டில் இடது கையால் ஒரு வெற்றிலையைக்கூடக் கொடுக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன். வயதான காலத்தில் மனுஷன் மரியாதையை மறந்துவிட்டாரே என்று நினைத்துக்கொண்டேன். இதை இன்று எழுதும்போது என் காது சூடாகிறது. இருந்தாலும் அன்று அப்படித்தான் நினைத்தேன்.

வந்த காரியத்தைச் சொன்னேன். “நான் வாசிக்கேன், கேளும். சரியா இருந்தா ஒரு கையெழுத்துப் போடும்” என்றேன்.

“வாசிங்க” என்றார்.

வாசித்தேன். நானே சொல்லக் கூடாது, நன்றாகவே வாசித்தேன். வெள்ளம் வருகிற இடத்தில் குரலை ஏற்றினேன். மண்டபத்தில் சிறுமி அழுகிற இடத்தில் இறக்கினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். மனைவி தலையை நிமிர்த்தவே இல்லை. இலையை வெட்டுவதும், தூளை வைத்துச் சுருட்டுவதும், நூலைக் கட்டுவதுமாக அவர் பாட்டுக்கு இருந்தார்.

‘உதவி செய்தனர்’ என்று முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

“நல்லா எழுதியிருக்கிய. அந்தத் தண்ணி நெறம் வரைக்கும் சொல்லிட்டியள” என்றார் அவர்.

நோட்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்துப் பேனாவை நீட்டினேன். அவர் பேனாவை வாங்கவில்லை. “மை இருக்கா?” என்று கேட்டு இடது கைப் பெருவிரலைக் காட்டினார்.

எனக்குச் சுருக்கென்றது. என் எழுத்துக்குக் கைநாட்டா? “என்ன வே, வெளையாடுதீரா? தாசில்தாரே மெச்சுன கையெழுத்துல்லா உம்மது?” என்றேன்.

பீடித் தட்டில் ஓடிக்கொண்டிருந்த கை நின்றது.

“ஐயா, கடைசியா ஒண்ணு வாசிச்சியளே, கரையில நின்ன ஆட்கள்னு. ஆட்கள்னா யாரு?” என்று கேட்டார் அந்த அம்மா.

“ஊர்க்காரங்கதான்” என்றேன்.

“ஒங்க இடுப்புல இருந்த கயத்துக்கு இன்னொரு முனை உண்டும்லா. அது எங்கன இருந்துச்சுன்னு எழுதியிருக்கியளா?”

“ஏளா, சும்மா இரி” என்றார் அவர்.

“முப்பது வருசமா சும்மாத்தான இருக்கேன்” என்று சொன்ன அந்த அம்மா, எழுந்து வந்து அவர் வலது கை மேல் கிடந்த துண்டை எடுத்தார்.

சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளங்கையோடு மடிந்து ஒட்டிக் கிடந்தன. நடுவிரல் பாதிதான் நீண்டது. உள்ளங்கையின் குறுக்கே பழைய தழும்பு ஒன்று பளபளவென்று ஓடியது.

பிறகு அந்த அம்மாதான் சொன்னார். கரையோர மரங்களை எல்லாம் வெள்ளம் கொண்டுபோயிருந்ததால் கயிற்றைக் கட்ட இடமில்லை. நான் பொறுமையில்லாமல் குதித்துவிட்டேன். கயிறு ஓடுவதைப் பார்த்து இவர் பாய்ந்து முனையைப் பிடித்துக் கையில் சுற்றிக்கொண்டார். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது தடவை அந்தப் பெண்ணோடு நான் வரும்போது ஒரு சுழிப்பு எங்களை இழுத்துக்கொண்டு போயிற்று. எனக்கு அந்தச் சுழிப்பு ஞாபகம் இருந்தது. நானே கை வீசித் தப்பியதாகத்தான் அதை எழுதியிருந்தேன். இரண்டு ஆள் பாரம் ஒரே வெட்டில் கயிற்றில் விழுந்தது. மற்றவர்கள் ஓடி வந்து கயிற்றில் கைபோடும் வரை இவர் விடவில்லை. நார்க்கயிறு எலும்பு வரை இறங்கிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தார். அதன் பிறகு அந்தக் கை அரிவாள் பிடிக்கவில்லை. வாழைத் தோட்டங்களுக்குக் காவல் போனார். நடவும் களையும் கதிரறுப்பும் அந்த அம்மாதான் போனார்.

“ஒங்களுக்குக் காயிதம் வந்துச்சுன்னு சொன்னாவ. இவுகளுக்குக் கை போச்சு” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

கரையேறியதும் எனக்கு மயக்கம் வந்துவிட்டது. வண்டியில் போட்டு டவுனுக்குக் கொண்டுபோனார்கள். கடிதம் வந்த பத்தே நாளில் மாற்றலும் வந்தது. இதெல்லாம் உண்மை. ஆனால் கயிற்றை யார் பிடித்தது என்று முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அதுவும் உண்மைதான். எனக்கு வெட்கமாக இருந்தது. அறுபதை நெருங்கும் வயதில் அடுத்தவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து வெட்கப்படுவது லேசான காரியம் இல்லை.

“ஏன்வே, ஒரு கார்டு போட்டிருக்கலாமே?” என்றேன். கேட்ட பிறகுதான், எந்தக் கையால் எழுதியிருப்பார் என்று உறைத்தது.

அவர் சிரித்தார். “நீங்க நீந்துனது நெசம். ரெண்டு உசுரு பொழைச்சதும் நெசம். இதுல சொல்ல என்ன இருக்கு? விடுங்க.”

அரசாங்க எழுத்தில் ஒரு முறை உண்டு. தப்பாக எழுதியதைக் கிழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. அடியில் இருக்கும் எழுத்து தெரியும்படி ஒற்றைக் கோடு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். ‘கரையில் நின்ற ஆட்கள் உதவி செய்தனர்’ என்பதன் மேல் அப்படி ஒரு கோடு இழுத்தேன். ‘தன்னந்தனியாக’ என்பதன் மேல் இன்னொரு கோடு. அவரைச் சொல்லச் சொல்லி, அவர் பெயரோடு, சொன்னபடியே அடுத்த பக்கத்தில் எழுதினேன். எழுதியதை வாசித்துக் காட்டினேன். இந்தத் தடவை குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

கேட்டுவிட்டு அவர், “ஒண்ணு விட்டுப்போச்சு. நான் கயத்தோட ஆத்துக்குள்ள போயிருப்பேன். இவதான் பின்னால வந்து என் இடுப்பக் கட்டிப் பிடிச்சுட்டு நின்னா. அப்போ வயித்துல மூணு மாசம். அதையும் எழுதுங்க” என்றார்.

அந்த அம்மா, “அது எதுக்கு இப்ப?” என்றார். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதையும் எழுதினேன். அந்த அம்மாவின் பெயரையும் எழுதினேன்.

ஸ்டாம்ப் பேடைத் திறந்து வைத்தேன். அவர் இடது பெருவிரலை வைத்து அழுத்தினார். அந்த அம்மா பீடித் தூள் ஒட்டியிருந்த விரலைச் சேலையில் துடைத்துவிட்டு வைத்தார். விரலைத் துடைத்துக்கொள்ள என் கைக்குட்டையைக் கொடுத்தேன். அன்று நான் அவர்களுக்குச் செய்தது அவ்வளவுதான்.

பாராட்டுக் கடிதத்தைக் கூடத்திலிருந்து நான் கழற்றவில்லை. நீந்தியது நான்தான். ஆனால் வருகிறவர்கள் அதை வாசிக்கும்போது இப்போது நோட்டையும் எடுத்துக் காட்டுகிறேன். காபி ஆறிவிடுகிறது என்று என் மனைவி சடைத்துக்கொள்கிறாள்.

ஊர் திரும்பிய மறுநாள் நோட்டை முதலிலிருந்து படித்தேன். ‘ஆட்கள்’ என்று பதினோரு இடத்தில் எழுதியிருந்தேன். ஆட்கள் கல் நட்டனர், ஆட்கள் தூக்கி வந்தனர், ஆட்கள் இரவு காவல் இருந்தனர். மற்ற பத்தின் மேலும் ஒற்றைக் கோடு அடித்து, பெயரை எழுத இடம் விட்டேன். தேடி அலைந்து விசாரித்ததில் நான்கு இடம் நிரம்பியது. சீவலப்பேரியைச் சேர்த்தால் ஐந்து. மீதி ஆறும் காலியாகவே இருக்கின்றன. “இங்க ஏன் தாத்தா ஒண்ணும் எழுதல?” என்று பேத்தி கேட்கும்போதெல்லாம், என்னைத் தூக்கி விட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன் என்று சொல்கிறேன். என் வாழ்க்கை வரலாற்றில் எந்தச் சாட்சியும் இல்லாமலே செல்லக்கூடியவை அந்த ஆறு காலி இடங்கள்தான். எனக்குத் தெரியாது என்பதற்குச் சாட்சி எதற்கு?