காவாந்தண்டலத்தில் நின்ற ஓட்டம்

அடியார்களே, என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போன காலத்தைச் சொல்கிறேன். நான் உத்திரமேரூரில் ஒரு பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். எண்பத்தொன்றாம் வருஷம் அது. என் மகள் செல்விக்கு மூன்று வயது. விளக்கு வெளிச்சத்தில் அவளுடைய இடது கண் பூனைக் கண் போல மின்னும். அழகு என்று நினைத்துச் சிரித்தோம். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அதைப் புற்று என்றார்கள். எங்கோ ஒரு குழந்தைக்கு வருகிற நோயாம். உயிரைக் காப்பாற்ற அந்தக் கண்ணை எடுத்துவிட்டார்கள்.

"இன்னொரு கண்ணுலயும் வரலாம், வராமலும் போகலாம். எங்களுக்கே தெரியல சார். ஆராய்ச்சி பண்ண ஆள் இருக்கோம், வசதிதான் இல்ல" என்றார் டாக்டரம்மா.

அன்றோடு நிம்மதி போயிற்று. சோற்றில் கை வைத்தால் எழுந்துவிடுவேன். செல்வி கண்ணைக் கசக்கினால் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். கோயிலுக்குப் போனாலும் சன்னிதியில் நிற்க முடியாமல் பிராகாரத்தையே சுற்றிக்கொண்டிருப்பேன்.

எனக்குத் தெரிந்தது ஓடுவது ஒன்றுதான். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் வழியாகத் திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் கோயில் வரை மாரத்தான் ஓடி, ஜனங்கள் தருவதை அந்த ஆராய்ச்சிக்குக் கொடுப்பதென்று நோட்டீஸ் அடித்தோம். அதில் போடாத விஷயம் ஒன்று உண்டு. 'விஜயராகவா, எங்கேயும் நிற்காமல் உன் வாசலுக்கு ஓடி வருகிறேன். அந்த ஒரு கண்ணை விட்டுவிடு' என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

தை மாதத்து ஞாயிறு, விடிந்ததும் கிளம்பினேன். மைத்துனன் உண்டியலோடு சைக்கிளில் வந்தான். காவாந்தண்டலத்துப் பக்கம் வந்தபோது, நடவிலிருந்த பெண்கள் குடங்களோடு சாலையை மறித்து நின்றார்கள். நோட்டீஸை அவர்கள் யாரும் படிக்கவில்லை. கோயிலுக்கு ஒருவன் ஓடுகிறான் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தார்கள். காவடி எடுத்து வருகிறவருக்குச் செய்வதுபோல என் காலில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். கேன்வாஸ் ஷூ நனைந்து கனத்தது. நான் நின்றுவிட்டேன்.

போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டேன். "யாரும்மா ஊத்தச் சொன்னது? நான் நிக்கக் கூடாது. இது வேண்டுதல் இல்ல" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது.

சேற்றுக் காலோடு நின்ற ஒரு பெண் குடத்தை இறக்காமல் கேட்டாள். "வேண்டுதல் இல்லன்னா ஏன் அழுவுற? யாருக்கு இன்னா ஆச்சு?"

யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

"கொயந்த பேரு இன்னா?"

"செல்வி."

"நீ ஒத்த ஆளு வேண்டிக்கினா போதுமா? எங்களையும் வேண்டிக்க உடு" என்று குடத்தைச் சாய்த்தாள். "செல்வி கண்ணு நல்லா இருக்கணும்." பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருத்தராக அதையே சொல்லி ஊற்றினார்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை உண்டியலில் போட்டார்கள். பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு மூச்சு சீராக வந்தது.

ஷூவைக் கழற்றி சைக்கிளில் மாட்டிவிட்டு வெறுங்காலோடு ஓடினேன். அதன்பின் குடம் தெரிந்த இடமெல்லாம் நின்றேன். இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு யாரும் மாரத்தான் ஓடியிருக்க மாட்டார்கள். விளக்கு வைத்த பிறகுதான் திருப்புட்குழி போய்ச் சேர்ந்தேன். "நிக்காம வரல, விஜயராகவா. உன் ஜனங்க விடல" என்று மட்டும் சொன்னேன். அன்று சன்னிதியில் அசையாமல் நின்றேன்.

உண்டியலை அப்படியே ஆஸ்பத்திரியில் கொடுத்தோம். அடுத்த பரிசோதனையில் டாக்டரம்மா டார்ச்சை அணைத்துவிட்டு, "சுத்தமா இருக்கு" என்றார். அதற்கடுத்த முறையும் அப்படியே. பெருமாளுக்கு என்ன கைம்மாறு செய்வேன்? செல்வி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், புள்ளி தப்பாமல் கோலம் போடுகிறாள். பரிசோதனை நாளில் இன்னமும் பயம் வரத்தான் செய்கிறது. ஆனால் தனியாகப் பயப்படுவதில்லை.

துயரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களே, புரட்டாசியில் எங்கள் தெரு வழியாக வாருங்கள். செல்வி குடத்தோடு வாசலில் நிற்பாள். எவ்வளவு அவசரமாகப் போனாலும் அவள் விடமாட்டாள்.

"யாருக்கு வேண்டிக்கினு போறீங்க? பேரச் சொல்லிட்டுப் போங்க" என்பாள்.