வாழைநாரில் ஒரு தம்பி

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். “கிளட்ச்ச மிதி!” என்று அவர் போடும் சத்தத்தில் அடுத்த தெரு நாய்கூட எழுந்து நின்றுவிடும். அதனால் ‘கிளட்ச் சார்’ என்ற பெயரே நிலைத்தது.

தம்பி செத்தபோது அவர் அழவில்லை. காரியம் முடிந்ததும் வேலைக்கு வந்துவிட்டார். சில மாதம் கழித்து, ஒரு சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கச் சொல்லாமல் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்ப ஆரம்பித்தார். பின்னால் ஹாரன்கள் அலறின. ஓட்டப் பழகிக்கொண்டிருந்த பெண்தான் தட்டுத்தடுமாறிக் காரை ஓரம்கட்டினாள். கூடவே வந்து அவரை வீட்டிலும் விட்டாள். அதோடு அவர் சாவியைத் தொடவில்லை.

டாக்டர் அவரை மருத்துவமனையின் பின்பக்க அறைக்கு அனுப்பினார். அங்கே கைவேலை டீச்சர் ஒருவர் வாழைநாரையும் சணலையும் கொடுத்து, மனதில் இருப்பதைப் பின்னச் சொல்வார். கிளட்ச் சாருக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. மனைவிக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களிடம் முதுகுவலி வைத்தியம் என்று சொல்லிவைத்தார். ஆனாலும் நாரை முறுக்க முறுக்கத் தம்பி நினைவுக்கு வந்தான். இரண்டு தடித்த புரிகளைச் சேர்த்துப் பின்னிக்கொண்டே வந்தவர், ஒன்றைப் பாதியில் அறுத்துவிட்டார். மற்றது தனியாகக் கீழே இறங்கியது.

டீச்சர் அதை வராந்தாச் சுவரில் மாட்டினார். அதன் எதிரில் கிளட்ச் சார் நின்றுகொண்டிருந்தபோது, யாரையோ பார்க்க வந்த அதே பெண் எதிர்ப்பட்டாள்.

“சார்! நீங்க எங்க இங்க?”

“ஃபேன் ரிப்பேர்னு கூப்பிட்டாங்க.”

அவள் கண் சுவருக்குப் போனது. “இதப் பார்த்தா மனசு என்னமோ பண்ணுது சார். யார் செஞ்சது?”

“யாரோ வேலவெட்டி இல்லாதவன்.”

சொன்ன பிறகுதான் பின்னால் டீச்சர் நிற்பதைக் கண்டார். காது மடல் எரிந்தது. தம்பியையே யாரென்று தெரியாது எனச் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது.

“அன்னைக்கு நடந்தத யார்கிட்டயும் சொல்லல சார். வண்டி நின்னுபோச்சுன்னுதான் சொன்னேன்” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு அவள் நகர்ந்தாள்.

மாடிப்படி வரை ஓடிப்போய் அவளை நிறுத்தினார்.

“அது... நான் செஞ்சதும்மா. என் தம்பிக்காக.”

ஏறி இறங்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கூனிக் குறுகி நின்றார். “சரிங்க சார்” என்று தலையாட்டிவிட்டு மேலே போனாள்.

அறைக்குத் திரும்பி வாசலிலேயே நின்றார். “மன்னிச்சிடுங்க டீச்சர்.”

“ஊறவெச்ச நார் காயுது. உக்காருங்க.”

உட்கார்ந்தார். அன்று முழுக்கத் தலை நிமிரவில்லை. கை மட்டும் முறுக்கிக்கொண்டிருந்தது.