கப்பலில் வந்த குப்பை

பால் கவரை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸ் தெருக்குழாயில் அலசிக்கொண்டிருப்பாள், வீடு வீடாகக் காலிக் கவர் சேர்க்கும் வேம்புலியம்மாள். அலசியதை உதறி, காம்பவுண்டு முள்கம்பியில் ஒவ்வொன்றாக மாட்டுவாள். பண்டிகைக்குத் தோரணம் கட்டுகிறவர்கள்கூட இவ்வளவு அக்கறையாகக் கட்டமாட்டார்கள்.

"இன்னாம்மா நீ, மூலைய துண்டா வெட்டிப் போட்டுகீறே? அத்த எங்க போயி தேடுவேன்? கீறி ஊத்துனா ஆவாதா?" என்று என் மனைவியிடம் சண்டை பிடிப்பாள். கத்தரிக்கோல் பிடிக்கிற எந்த வீட்டையும் அவள் சும்மா விட்டதில்லை.

அழுக்குக் கவரைவிடக் கழுவிய கவருக்கு விலை கூட. சேக்காட்டில் அப்பாவுவின் காயலான் கடையில் மூட்டையைப் போட்டுவிட்டு, அந்தக் காசில் அரிசி வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவாள். மூட்டை விலை போகாவிட்டால் அன்றைக்கு உலை இல்லை.

போன வாரம் அவள் மூட்டையோடு வந்திருந்தபோது, பழைய பேப்பர் போட நானும் அங்கே போயிருந்தேன். கடை வாசலில் லாரியிலிருந்து ஆளுயரக் கட்டுகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று பிரிந்து கிடந்தது. எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகள் அச்சடித்த பைகள், டப்பாக்கள். புளித்த வாடை.

வேம்புலியம்மாளின் மூட்டையை அப்பாவு தராசில் வைக்கவே இல்லை.

"இனிமே உன் கவரு வாணாம்மா. ஹார்பர்லேர்ந்து வருது பாரு, வெளிநாட்டு குப்பை. உன்னுதுல பாதி வெலை. பிளாஸ்டிக் உருக்குற கம்பெனிக்காரன் இத்ததான் கேக்குறான். நான் இன்னா பண்ண?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏழு கடல் தாண்டி வந்த குப்பை, ஏழு தெரு தாண்டி வந்த குப்பையைவிட மலிவா? அங்கே அதைப் புதைப்பதற்கு ஆகும் செலவைவிட, நம் தலையில் கட்டுவது அவர்களுக்கு லாபமாம். அப்பாவு சாவகாசமாக விளக்கினார்.

வேம்புலியம்மாள் ஒரு டப்பாவை எடுத்து முகர்ந்தாள். "அய்யே, கய்வவே இல்லியே நைனா! நான் கய்வி, காய வெச்சில்ல எடுத்தாந்துகீறேன்!"

"அதெல்லாம் கம்பெனில மிஷினு கய்விக்கும். வேணும்னா நீ குந்திகினு இத்த வகவாரியா பிரி. கூலி தரேன்."

அவள் யாரையும் திட்டவில்லை. உட்கார இடம் தேடினாள். மழை பெய்து தரையெல்லாம் சேறு. கொண்டுவந்த மூட்டையையே கீழே போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, பிரிந்து கிடந்த கப்பல் குப்பையைத் தன் பக்கம் இழுத்தாள்.