நேற்றும் நான்தான் வந்தேன்

நூலகத்தில் அந்த நாட்டைப் பற்றி ஏழு புத்தகங்கள்தான் இருந்தன. ஏழையும் பதினொரு நாளில் வாசித்து முடித்தேன். எனக்கு அப்போது இருபது வயது, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. உலகத்துக்குத் தன்னை மூடி வைத்திருக்கும் ஒரு சர்வாதிகாரத்தைப் பற்றி வெளியாருக்கு ஏன் இவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். மற்ற மாணவர்கள் ஐந்து பக்கத்தை நிரப்பிவிட்டு வேறு வேலை பார்த்தார்கள். நானோ அந்த நாட்டின் கதவை நானே திறக்கப் போகிறவள் மாதிரி அலைந்தேன்.

ஏழு பேரும் வெவ்வேறு ஆண்டுகளில் போய்வந்து எழுதியவர்கள். ஏழு பேரையும் ஒரே பாலர் பாடசாலைக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அங்கே முன்வரிசையில் நிற்கும் ஒரு சிறுமி பாட்டின் நடுவே வரியை மறந்துபோய்ச் சிரிக்கிறாள், பார்த்தவர்கள் உருகிப்போகிறார்கள். அந்த மறதி மூன்று புத்தகங்களில் இருந்தது. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் ஒன்பது வருடம்.

அன்று இரவுச் சாப்பாட்டில் இதைச் சொல்லிக் குதித்தேன். சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலை நிமிராமல் கப்பல் அண்ணை கேட்டார்: "உம்மட புத்தகத்து நாட்டுக்கு நான் போனனான், தெரியுமோ?"

புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்டின் வரவேற்பறையில் பாதியைத் திரை போட்டு மறைத்து அவருக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். என் அண்ணனின் சிநேகிதர். கிரேக்கக்காரரின் சரக்குக் கப்பலில் ஆறு வருடம் இருந்துவிட்டு அப்போது தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை சமையலறை மேசையில், பேச்சைப் பதிவுசெய்ய ரேப் ரெக்கோடரை வைத்து அவரைப் பிடித்து உட்கார்த்தினேன்.

"தம்பி, யோசிச்சுச் சொல்லும்," என்றார் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அம்மா. "உவளுக்குச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி."

"ஊருக்குச் சொல்லத்தானே அம்மா எழுதுறது!"

பதின்மூன்று நாள் துறைமுகத்தில் நின்றார்களாம். கரையில் இறங்க அனுமதியில்லை. தினமும் பத்து மணிக்கு ஒரு குடும்பம் கரையோரமாக நடந்துபோய்க் கப்பலுக்குக் கை காட்டும். தகப்பன், தாய், ஒரு பெட்டைப்பிள்ளை.

"மழை பெய்த நாளும் வந்தவை. குடை இல்லை. நனைஞ்சு நனைஞ்சு அதே சிரிப்பு. நாங்கள் அண்டைக்குக் கை காட்டேல்லை, தங்கச்சி. ஏலாமப் போச்சு."

கப்பலுக்கு அந்த நாட்டு அதிகாரிகள் ஒரு மொழிபெயர்ப்பாளரை அனுப்பியிருந்தார்கள். ஒல்லி மனிதர், நல்ல ஆங்கிலம். ஒன்பதாம் நாள், பாரந்தூக்கிகள் இரைந்துகொண்டிருந்தபோது, அவர் அண்ணையின் பக்கம் சரிந்து கேட்டிருக்கிறார்: வெளியே எங்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள்?

"நான் உள்ளதைச் சொன்னன். ஒண்டும் கதைக்கிறதில்லை எண்டு."

"அவர் என்ன சொன்னவர்?"

"'ஒன்றுமேயா?' எண்டார். முழு உலகமும் தங்கட தலைவரைப் பற்றித்தான் கதைக்குதெண்டு சின்னனிலயிருந்து படிச்ச மனிசன். முகம் செத்துப்போச்சு."

பின்னேரம் கப்பலின் மேல்தட்டில் நின்று, அங்கே வேலை செய்த இன்னொரு யாழ்ப்பாணத்துப் பெடியனுக்கு இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார் அண்ணை. பக்கத்தில் அந்த நாட்டுக் காவல்காரன் ஒருவன் மட்டும் கடலைப் பார்த்தபடி நின்றானாம்.

மறுநாள் காலை வேறொருவர் வந்தார். அதே சாம்பல் கோட்டு. அதே பெயர்.

"நேற்று வந்தவர் எங்கையெண்டு கேட்டன். 'நேற்றும் நான்தான் வந்தேன்' எண்டான். பிறகு சொல்லுறான், 'உங்கள் இருமல் நேற்றைவிடக் குறைந்திருக்கிறது' எண்டு. எனக்கு இருமல் எண்டு நான் சொன்னது மற்றவருக்கு."

அம்மாவின் கத்தி நின்றுவிட்டது.

"கப்டன் ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன்.

"எனக்குக் காய்ச்சலில மூளை குழம்பிட்டுதெண்டார். ரெண்டு நாள் போக எனக்கே ஐமிச்சம், முதல் வந்தவரின்ர முகமும் இதுதானோ எண்டு."

எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். ஏழு புத்தகங்களிலும் இல்லாத ஒன்று என் மேசையில் சுழன்றுகொண்டிருந்தது. பெயர், துறைமுகம், எல்லாம் ரேப்பில். ஒரே மூச்சில் பதினான்கு பக்கம் எழுதினேன்.

புதன்கிழமை அந்தத் தாள்களை அவர் பார்த்துவிட்டார்.

"இதைக் குடுக்கப் போறீரோ?"

"பேரை எடுத்துவிடுறன், அண்ணை."

"எங்கட கப்பலுக்கு வந்தது அவர் ஒருத்தர்தான். பேர் என்னத்துக்கு? அந்தாள் எங்கையாவது உயிரோட இருந்தா, அவருக்குப் பெண்சாதி பிள்ளை இருந்தா, இது அவையைத் தேடிப் போகும்."

"அப்ப பல்கலைக்கழகத்துக்குக் குடுக்கேல்லை. எங்கட தமிழ்ச் சஞ்சிகையில போடுறன். அறுபது பிரதிதான் அடிக்கினம். அந்த நாட்டில ஆர் தமிழ் வாசிக்கப் போறான்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்னும் உதற முடியவில்லை.

"அந்த மேல்தட்டில நான் என்ன பாஷையில சொன்னனான் எண்டு நினைக்கிறீர்?"

காவல்காரனுக்குத் தமிழ் தெரிந்திருக்குமா? அல்லது தான் அப்படிக் கேட்டதை அந்த மொழிபெயர்ப்பாளர் தானே போய் ஒப்புக்கொண்டாரா? அண்ணை ஐந்து வருடமாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் படுத்து எழும்புகிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

தாள்களைக் கிழித்தேன். ரேப்பிலிருந்த பேச்சின் மேலேயே வெறுமையைப் பதிந்து அழிப்பதற்குப் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு மூவரும் மேசையைச் சுற்றி இருந்தோம். பேசக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. ஒரு பக்கம் ஓடி முடிய நாற்பத்தைந்து நிமிடம். அம்மா ஒரு தடவை எழும்பி, கதிரையைச் சத்தமில்லாமல் தூக்கி வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். எங்களை யாரோ ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒன்பதாம் மாடியில், பட்டப்பகலில், நான் நம்பினேன்.

கட்டுரையில் பாலர் பாடசாலையை மட்டும் எழுதினேன். "சுவையான கவனிப்பு. ஆனால் வெளியாருக்கு ஏன் தெரியவில்லை என்ற கேள்விக்குப் பதில் இல்லை" என்று பேராசிரியர் ஓரத்தில் குறித்திருந்தார். பதில் என் வாய்க்குள் இருந்தது. அவரிடம் போய் வாதாடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு புள்ளிக் குறைவை வாதாடாமல் வாங்கிக்கொண்டேன்.

இப்போது, பல வருடம் கழித்து, அண்ணையிடம் கேட்டு, அவர் இரண்டு மாதம் யோசித்துச் சம்மதித்த பிறகு எழுதுகிறேன். சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எவற்றை என்று அம்மாவுக்கும் சொல்லவில்லை. அந்த மொழிபெயர்ப்பாளர் உயிரோடு இருக்கிறாரா என்பது எங்களுக்குத் தெரியாது. இருக்கிறார் என்று வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வரியையும் எழுதினேன்.